கார்த்திகேசன் கருமாதிக்கு வந்தவர்கள்

கார்த்திகேசனின் கருமாதிக்குச் சாந்தகுமாரி ஒரு அண்டா நிறையச் சோறு வடித்தாள். தெருவில் ஒருத்தரும் வாசல் மிதிக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் வடித்தாள். பர்மாவின் அந்த ஆற்றங்கரை ஊரான டாலாவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தல் கட்டி, கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டு வந்த மனுஷன் அவர். அவர் பேரைச் சொல்லி இலை போட்டால் உட்கார ஒரு ஆள் வேண்டாமா? யாராவது ஒருத்தர் வந்து, "நல்ல மனுஷன், போயிட்டாரே" என்று சொல்லி ஒரு வாய் சாப்பிட்டால் போதும். அதற்குமேல் அவளுக்கு ஆசை இல்லை.

அவர் பிழைப்பு சைக்கா. சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை ஒட்டிய அந்த வண்டியில், படகுத்துறையில் இறங்கும் சனங்களை ஏற்றிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் மிதித்தவர். கல்யாணத்தன்று அக்கரைப் போட்டாதாங்கிலிருந்து படகில் வந்து இறங்கியவளை வேறு எவன் வண்டியிலும் ஏறவிடவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மிதித்தார். வேட்டி சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. மாமியார் திட்டினாள், இவர் சிரித்தார். பிள்ளை இல்லை என்று ஊர் அவளைக் குத்திப் பேசியபோது, "குறை எங்கிட்டதான்" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்தார். குறை யாரிடம் என்று அவர்கள் எந்த டாக்டரிடமும் போய்ப் பார்த்ததே இல்லை. இப்படி ஒருத்தரோடு வாழ்ந்தவள் அவள். ஊர் என்ன சொன்னாலும் அந்த வாழ்க்கை பொய்யாகிவிடாது.

அப்புறம் வந்தது அந்தப் பச்சைச் சட்டை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபிறகு வார்டுக்கு வார்டு காவல் படை அமைத்தார்கள். சைக்கா ஸ்டாண்டில் இவர் பேச்சுக்கு மதிப்பு இருந்ததால் இவரைக் கூப்பிட்டுத் தலைவராக்கி, கையில் துப்பாக்கியும் கொடுத்தார்கள்.

"மாட்டேன்னா வெளியாளைக் கொண்டாந்து உட்கார வெச்சிருவாங்க சாந்தா. நம்ம ஆளு இருந்தா நம்ம சனத்துக்கு நல்லதுதானே" என்றார்.

பாதி நம்பினாள். மீதிப் பாதிக்குக் காரணம், அவர் கண்ணாடி முன்னால் நின்று காலரைச் சரிசெய்த விதம். சட்டை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் தெருவுக்குப் பிடிக்கவில்லை. காலையில் அவளிடம் தோசை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தும் பாராததுமாகப் போனார்கள். கொஞ்ச நாளில் அவள் அடுப்பையே மூடிவிட்டாள்.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. வார்டு ஆபீசில் சீட்டுக் குலுக்கினார்கள். எதிர்வீட்டுக் காளியம்மா மகன் கணேஷ்குமார் பேர் வந்தது. கூட்டிவரப் போன கார்த்திகேசன், அவனைச் சைக்காவில் உட்காரவைத்து, மேலே கரிமூட்டையைப் போட்டு மூடி, படகுத்துறையில் கொண்டுபோய் விட்டார். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லைங் தாயாவில் வேறு பேரில் தையல் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டான். ஆபீசில் இவர், "அந்தப் பையன் போன வருஷமே மலேசியா போயிட்டான், எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டால் ஆயிற்றா? குறைந்த ஆளுக்கு இன்னொருத்தன் வேண்டும். அடுத்த சீட்டு, குடிசைப் பக்கத்து வேலம்மாவின் மகன் பொன்னுத்துரைக்கு விழுந்தது. அவனையும் இவரேதான் போய்க் கூட்டிவந்தார். வேலம்மா காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமலே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பொன்னுத்துரை போனவன் போனவன்தான், இன்றுவரை ஒரு தகவல் இல்லை. வேலம்மா தன் வீட்டில் கை நனைப்பாள் என்று சாந்தகுமாரி எதிர்பார்க்கவே இல்லை. எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

கார்த்திகேசனை டீக்கடையில் வைத்துச் சுட்டார்கள். பட்டாளத்தை எதிர்க்கும் கூட்டத்தார் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், சுட்டார்கள், போனார்கள். பிணம் தெருவுக்குள் வந்தபோது கதவுகள் சாத்திக்கொண்டன. உள்ளேயிருந்து யாரோ தட்டைத் தட்டினார்கள். இந்த ஊரில் பீடையை விரட்டத்தான் அப்படித் தட்டுவார்கள்.

கருமாதியன்று காலையில் அவள் காளியம்மா வீட்டுக்குப் போனாள். வெட்கத்தை விட்டுத்தான் போனாள்.

"அக்கா, சோறு ஆயிருச்சு. நீ மட்டுமாவது வந்து உக்காரு. அவர் உனக்குச் செஞ்சது உனக்குத் தெரியும்."

காளியம்மா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்தாள். "தெரியும் சாந்தா. தினம் சாமி கும்பிடுறப்ப அவரையும் சேத்துத்தான் கும்பிடுறேன். ஆனா உன் வீட்டுப் படி ஏறுனா, எதுக்கு ஏறுனேன்னு தெரு கேக்கும். ஆபீசும் கேக்கும். எம் பிள்ளை மாட்டிக்குவான். என்னையும் தூக்கி உள்ள வெச்சிருவாங்க."

"எந்நேரமும் பயந்துக்கிட்டே இரு" என்றாள் சாந்தகுமாரி. வயிறெரிந்துதான் சொன்னாள். திரும்பி வந்து வாசலில் இலைகளைப் போட்டாள்.

வந்தார்கள். தெருக்காரர்கள் இல்லை, பச்சைச் சட்டைக்காரர்கள். எல்லா வார்டுகளும் சேர்ந்த டவுன்ஷிப் காவல் படைக்குப் பெரியவரான ஊ மியாவும் அவர் ஆட்களும் துப்பாக்கிகளைச் சுவரில் சாத்திவிட்டு, பந்தலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தெரு தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. காளியம்மாவும் தன் வாசலில் நின்றாள்.

சாம்பாரைப் பிசைந்துகொண்டே ஊ மியா, மரியாதைக்கு 'டோ' போட்டுப் பர்மியத்தில் பேச்சுக்கொடுத்தார். "டோ சாந்தா, ஒரு பேச்சு அடிபடுது. குலுக்கல்ல பேர் வந்த பையன் ஒருத்தனை உங்க வீட்டுக்காரர் தப்பவிட்டாராமே. அவ்வளவு இரக்கப்பட்ட மனுஷனா அவர்?"

கரண்டி அவள் கையிலேயே நின்றது. அவர் செத்த நாளிலிருந்து, அவருக்கு இரக்கம் உண்டா என்று கேட்ட முதல் ஆள் இவன்தான். ஆமாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தெருவே கேட்கக் கத்தினால் அவர் பேர் இந்த நிமிஷமே நிமிர்ந்துவிடும். எதிரே காளியம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரா?" என்றாள் சாந்தகுமாரி. தெருமுனைவரை கேட்கும் குரலில், பர்மியத்திலேயே சொன்னாள். "அவர் எவனையும் விட்டதில்லை. பெத்தவ காலைப் பிடிச்சுக் கதறுனாலும் பிள்ளையை இழுத்துக்கிட்டுத்தான் வருவார். இரக்கம்னா என்னன்னு தெரியாத ஆளு."

ஊ மியா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ரசம் கேட்டார். அவள் குனிந்து ஊற்றினாள்.

பந்தலுக்கு வெளியே யாரோ, "கட்டுன பொண்டாட்டியே சொல்லிட்டா, கேட்டுக்கிட்டியா?" என்றது அவள் காதில் தெளிவாக விழுந்தது.