மல்லிச் செடிக்குக் கட்டின வேட்டி

செடிக்கடை வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும்: நம்மகிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேர் செடி வாங்க வர்றதில்லை, வாங்கின செடி ஏன் வாடுதுன்னு சண்டை போட வர்றாங்க. சிங்காநல்லூர்ல என் கடைக்கு வந்த ஆறுமுகண்ணன் மட்டும் சண்டை போடலை.

மறுபடியும் உரம்

லேத் பட்டறையில வேலை பார்த்து ஓய்ஞ்ச மனுசர். தொட்டி மல்லி பூக்கவே இல்லை, இன்னும் கொஞ்சம் உரம் குடுங்கன்னு வந்தார். போன தடவை வாங்கினதே தீர்ந்திருக்காது. "ஏனுங்ணா, அள்ளி அள்ளி ஊத்தறதுக்கு இதென்ன சாம்பாருங்களா?"ன்னு வெடுக்குன்னு கேட்டுப்போட்டேன். அவர் கோவிச்சுக்கலை.

"எம்புள்ள வெச்ச செடிங்க அம்மணி. காய்ச்சல்ல போயிட்டா. ஆனியில மொத வருசத் திதி வருது. அவ படத்துக்கு அந்தப் பூவைத்தான் வெக்கோணும்."

மொட்டை மாடி

அன்னிக்கே அவர் ஊட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கொடி நீள நீளமாப் போயிருக்கு, இலை வெளுத்திருக்கு, மொட்டுன்னு ஒண்ணு இல்லை. செடிக்கு மேல நாலா மடிச்ச வேட்டியைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். கோடை வெயில் தாங்காதுன்னு மாசியிலயே கட்டினாராம்.

இலைதான் செடிக்குச் சமையக்கட்டு, வெயில்தான் அடுப்புத் தீ, இந்த மங்கல்ல ஆக்கற சோறு அது உசுரோட இருக்கத்தான் பத்தும், பூக்கறதுக்கு மிச்சம் இருக்காதுன்னு சொல்லிட்டே முடிச்சை அவுக்கப் போனேன். பதறிப்போய்க் குறுக்க வந்து நின்னார்.

"ஒருத்தியத்தான் காப்பாத்த முடியலை. இதையும் வெயில்ல விடச் சொல்றீங்களா?"

குடை

அவர் பயத்துலயும் பாதி நியாயம் இருந்துச்சு. நிழல்லயே கிடந்த இலையை ஒரேயடியா உச்சி வெயில்ல விட்டா கருகித்தான் போகும். மொதல்ல காலை வெயில் மட்டும் காட்டுங்க, போகப்போக நேரத்தைக் கூட்டுங்கன்னேன். அப்படியே செஞ்சார். ஆனா வேட்டியை அவுத்த நேரமெல்லாம் குடையோட செடிக்குப் பக்கத்துலயே காவல். இலை சுணங்கினா உடனே குடையை அதுக்குப் புடிச்சுருவார். அவர் சம்சாரம் சிரிச்சுட்டே கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க.

"எனக்கு ஒரு நாள் குடை புடிச்சிருப்பாருங்களா இந்த மனுசன்?"

ஆனி

திதி அன்னிக்குப் பூ வரலை. புது இலை நல்ல பச்சையா வந்திருந்துச்சு, நுனியில பொடி மொட்டு, அவ்வளவுதான். கடைப்பூ வேண்டாம்னு வெறும் படத்தைக் கும்பிட்டாங்க.

அப்புறம் ஒரு சாயங்காலம் போன் பண்ணி வரச் சொன்னார். மாடியேறினா செடி பூரா வெள்ளை வெள்ளையாப் பூ. வேட்டியைக் காணோம். பக்கத்துல ஒரு நாற்காலி, அதுல அந்தப் பொண்ணோட படம்.

"பறிக்க மனசு வரலீங்க அம்மணி. அதான் புள்ளைய மேல கூட்டியாந்துட்டேன்."

உரமும் தொட்டியும் வித்துப் பொழைக்கறோம் நாமெல்லாம், பூக்க வெக்கற சரக்கு மட்டும் நம்ம கடையில இல்லைங்க.