உப்புநீர்க் கிருமியும் என் மகளின் கண்ணும்

"கண்ணே இல்லாத கிருமிக்கு வெளிச்சம் தெரியுது. எனக்கு மட்டும் ஏம்மா பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது?"

என் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பத்து வயது மகள் கேட்டாள்.

நான் ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். உப்பளத்து நீரைச் சிவக்க வைக்கும் நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றிலிருந்து ஊதா நிறப் புரதம் ஒன்றைப் பிரித்தெடுப்போம். அது பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். பதிலுக்கு அது விடும் ஒளிர்வு மிகச் சொற்பம், கருவிதான் கண்டுபிடிக்கும். அந்த ஊதாவுக்குக் காரணம் அதற்குள் இருக்கும் ரெட்டினால். வைட்டமின் ஏ-யிலிருந்து நம் கண்ணிலும் உண்டாகிற அதே பொருள். அதை நீக்கினால் புரதம் வெளுத்துவிடும். திரும்பச் சேர்த்தால் குழாயில் ஊதா மெல்ல ஊறி வரும்.

குருசுக்குப்பம் கடற்கரையில் அந்திநேரம் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, இவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "டேய், கோழி அடைஞ்சிடுச்சிடா!" என்று, இருட்டினால் கண் தெரியாத கோழியாக்கி இவளைக் கேலி செய்வார்கள். கரையில் கிடந்த கட்டுமரம் தடுக்கி இவள் நெற்றி கிழிந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

அவர் முதலில் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்கு நிம்மதியாகவே இருந்தது. நிறம் திரும்பி வருவதைத் தினமும் பார்க்கிறவள் அல்லவா? மருந்தோடு முருங்கைக்கீரை, ஆட்டீரல், மீனெண்ணெய் என்று எதையும் விடவில்லை.

"நாத்தம் தாங்கலம்மா. நீ ஒரு வாய் குடிச்சிக் காட்டேன்."

குடித்தும் காட்டினேன். இருட்டும் நேரம் விரல்களை நீட்டி, "எத்தினி?" என்பேன். என் குரல் இறங்கக்கூடாதென்று ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி வைப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்த டாக்டர் சொன்னார்: "சத்துக்குறைவு இல்லம்மா. வெளிச்சத்த வாங்குற செல்லே அழிஞ்சிட்டு வருது. பொறவியிலேயே உள்ளது. போகப் போகப் பகல்லயும் பார்வை கொறையும்."

என் குழாயில் புரதம் அழியாமல் காத்திருந்தது. இவள் கண்ணில் காத்திருக்க ஒன்றுமில்லை.

"சின்னப் புள்ள கிட்ட இப்ப எதுக்குச் சொல்லணும்? பாக்குற வரைக்கும் சந்தோஷமா பாக்கட்டுமே" என்கிறார் வீட்டுக்காரர். அதுவும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் அவள் "எப்பம்மா சரியாவும்?" என்று கேட்கும்போதெல்லாம் "சீக்கிரம்" என்று சொல்ல நா எழுவதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் இப்போதே பிரெயில் புள்ளியெழுத்தைத் தடவிப் படிக்கப் பழகலாம். சொன்ன அன்றே சிரிப்பு போய்விடுமோ என்றும் பயம்.

இப்படியொரு பிள்ளையை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். எந்த வயதில் சொன்னீர்கள்? முதல் வார்த்தையை எப்படி ஆரம்பித்தீர்கள்?