போகிக்கு மாற்றிய பானை

போகியன்று காலை, தெருவெல்லாம் கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த புகையில் கண் கரிக்க, எங்கள் வீட்டுப் பின்புறம் தொங்கிய கம்பிக் கூண்டைச் சுற்றி நின்றவர்கள் மூன்று பேர்: அம்மா, செல்வி அக்கா, நான். கட்டட வேலைக்கு வேலூர் போயிருந்த அப்பா இல்லை. கூண்டிலிருந்த ஜோடிக்குச் சொந்தக்காரரான மெத்தைக் கடை பாயும் இல்லை. இருவரில் ஒருவர் இருந்திருந்தாலும் அன்று நடந்தது நடந்திருக்காது.

ஊரில் எல்லோரும் "லவ் பேர்ட்ஸ்" என்று சொன்ன சின்னக் கிளிகள் அவை. பச்சை ஆண், மஞ்சள் பெண். எங்கள் பக்கம் ஆட்டை "வாரத்துக்கு" விடுவார்கள். போடுகிற குட்டிகளில் வளர்ப்பவருக்குப் பாதி, உடையவருக்குப் பாதி. அடி அண்ணாமலை கிராமத்தில் ஆடு வளர்த்துப் பழகிய அம்மா, பாயின் கடையில் கிளியைப் பார்த்துவிட்டு நான் நகர மறுத்த அன்று, அதே கணக்கில் அதையும் கேட்டுவிட்டாள். பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். "கிளிய வாரத்துக்குக் கேட்ட மொத ஆளு நீதாம்மா. சரி, எடுத்துக்கினு போ. ஆனா காணும் பொங்கலுக்குள்ள ஒரு குஞ்சாவது பொரிக்கணும், இல்லேன்னா ஜோடி என் கடைக்கு வந்துடும். அப்பால பையன் அழுவக்கூடாது. முட்ட வெச்ச பின்னால பானைக்குள்ள கை உடாதீங்க, அவ்ளோதான்."

பக்கவாட்டில் ஓட்டை போட்ட சின்ன மண்பானைதான் கூடு. தச்சுப் பட்டறையில் வாங்கிய மரத்தூளை உள்ளே ஒரு பிடி போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். ஐப்பசி முழுக்க அந்த மஞ்சள்காரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்த்திகை தீபம் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்த வாரத்தில்தான் ஓட்டைக்குள் தலையை விட்டாள். பிறகு நாளெல்லாம் உள்ளேயே இருக்க ஆரம்பித்தாள், பச்சைக்காரன் வாசலில் தொற்றிக்கொண்டு தினையை அரைத்து அரைத்து ஊட்டினான். மார்கழி பதினொன்றில் முதல் முட்டை. அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் ஐந்து. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதி, பதினெட்டு நாள் கூட்டி, பொங்கலை ஒட்டி முதல் குஞ்சு வரும் என்று அறிவித்தேன். அதற்குப் பிறகு வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதும் நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

போகிக்கு வீட்டுப் பழம்பானைகளை எல்லாம் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவது வழக்கம். அந்த வருடம் அம்மா, பக்கத்தில் ஓட்டை போடச் சொல்லி, கிளிகளுக்கும் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். "ஊட்டுக்கே புதுசு, அதுங்க மட்டும் பழசுல கெடக்குமா? இன்னாடா, படிச்சவன் நீ சொல்லு, மாத்தலாமா?" என்றாள்.

என்னைக் கேட்டுவிட்டாள் என்ற பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "கைய உடக்கூடாதுன்னுதான் பாய் சொன்னாரு. கரண்டியால எடுக்கலாம்" என்றேன். நல்லெண்ணெய்க் கரண்டியால் ஒவ்வொரு முட்டையாக நானே எடுத்துப் புதுப் பானைக்குள் இறக்கினேன். அக்கா பழம்பானையைத் தெருமுனைக்குக் கொண்டுபோய், மற்றவர்கள் பானைகளோடு போட்டு உடைத்துவிட்டு வந்தாள்.

மஞ்சள்காரி உள்ளே போகவில்லை. ஓட்டை வரை வருவாள், கழுத்தை நீட்டுவாள், விருட்டென்று பின்வாங்குவாள். உச்சிவேளை ஆயிற்று. அம்மா புறங்கையால் முட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுனு கெடக்குதுடா" என்றாள். இன்னும் மூன்று நாளில் பாய் வருவார், கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதில் தேதிகள் மட்டும்தான் இருந்தன.

பள்ளிக்கூடமே போகாத அக்கா கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டேய், கீழ சிந்தின தூளத்தான் போய்ப் போய்க் கொத்துது பாரு. அது பானையத் தேடல, உள்ள இருந்த தூளத் தேடுது" என்றாள். நாங்கள் புதுப் பானைக்குள் போட்டிருந்ததோ அதன் வாசனை துளியும் ஏறாத புதுத் தூள்.

இருவரும் ஓடினோம். தெருமுனையில் முழங்கால் உயரத்துக்கு ஓடுகள், எல்லாம் ஒரே கருப்பு. "புதையல் எடுக்கறியாடி செல்வி?" என்று குழாயடியில் இருந்து யாரோ கேட்டார்கள். "ஆமா, கெடச்சா உனக்கும் பாதி" என்று நிமிராமலே சொன்னாள் அக்கா. எங்கள் பானை கரி ஏறாதது, ஓட்டையின் அரைவட்டம் தெரியும். அதைக் கண்டதும் நான் போட்ட கூச்சலில் அங்கே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஓட்டில் ஒட்டியிருந்த எச்சமும் தூளுமாகச் சுரண்டி, அக்காவின் தாவணி முனையில் முடிந்து கொண்டுவந்து, முட்டைகளைச் சுற்றிப் பரப்பினோம். விளக்கு வைக்கிற நேரத்தில் மஞ்சள்காரி தலையை விட்டாள். எடுத்தாள். மறுபடி விட்டாள். மூன்றாம் முறை மஞ்சள் வாலும் உள்ளே போய், வெளியே வரவே இல்லை. அக்கா என் கையைக் கிள்ளிய தடம் மறுநாளும் இருந்தது.

பொங்கலன்று சத்தமில்லை, மாட்டுப் பொங்கலன்றும் இல்லை. காணும் பொங்கல் காலையில் பானைக்குள்ளிருந்து, புதுச் செருப்பு தேய்கிற மாதிரி ஒரு "கீச்". மத்தியானம் வந்த பாய் பானையில் காதை வைத்துக் கேட்டார். "ஒண்ணுதானா? ஒண்ண எப்படிம்மா பாதி போடறது? தல எனக்கு, வாலு உனக்கா?"

"முழுசா நீங்களே எடுத்துக்குங்க பாய். ஜோடி மட்டும் இங்க இருக்கட்டும்" என்றாள் அம்மா. அவர் அதற்குச் சம்மதித்தார். மற்ற நாலு முட்டையும் கடைசிவரை பொரிக்கவே இல்லை. இறக்கை முளைத்ததும் அந்தப் பச்சைக் குஞ்சைச் சட்டைப் பையில் வைத்து எடுத்துப்போனார்.

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற நான், இப்போதும் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து பார்க்கிற வசதியோடு மரப்பெட்டி விற்கிறார்கள், பானை தேடி யாரும் போவதில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அலுமினியமும் எவர்சில்வரும் வந்துவிட்டதால், போகியன்று முனையில் ஓட்டுக் குவியலும் இல்லை. பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அந்தப் புதுப் பானைக்குக் கொடுத்தது எட்டணா. அது போக எங்களுக்கு ஆன செலவு, நாலு முட்டை.