அப்பாவின் பஸ்ஸில் வாணவேடிக்கை

எங்கள் வீட்டில் பொது விடுமுறை என்றால் அப்பாவுக்குக் கட்டாயம் வேலை என்று அர்த்தம். தீபாவளி, ஹரிராயா, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு எதுவானாலும் ஊரே வெளியே கிளம்பும். கிளம்புகிறவர்களை ஏற்றிப்போக அப்பா ஓட்டும் பஸ் வேண்டும். அதனால் அம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். லீவு நாளில் நாங்கள் இருவரும் கல்யாணத்துக்குப் போகிறவர்களைப் போல உடுத்திக்கொண்டு, எங்கள் வட்டாரமான ஈசூனில் அப்பாவின் பஸ்ஸில் ஏறித் தேக்கா கடைத்தெரு வரை போய்த் திரும்புவோம். டிரைவர் சீட்டில் இருக்கும் அப்பா வேறு ஆள். முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்வார். அவரிடம் பேசக்கூடாது.

ஒரு தேசிய தினத்தன்று, எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரே ஒரு ஆசைதான். அன்று இரவு விடும் வாணவேடிக்கையை அப்பா பார்க்க வேண்டும். வருடா வருடம் டிவியில் பார்த்துவிட்டு நான்தான் அவருக்குக் கதை சொல்வேன். அவர் நேரில் பார்த்ததே இல்லை.

சிராங்கூன் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே கட்டடங்களுக்கு மேல் முதல் வெடி சிவப்பாக விரிந்தது.

"அப்பா, பாருங்கப்பா."

"ஓட்டுறப்ப ரோட்டைத்தான் பார்க்கணும்," என்றார் திரும்பாமலே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து இருக்கைச் சீன ஆன்ட்டி காரணம் கேட்க, அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அத்தனையும் சொன்னாள். பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் எனக்கு ஒரு யோசனை. எட்டி, இறங்குகிறவர்கள் அடிக்கும் பெல்லை அழுத்தினேன்.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது, கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை. அப்பா நிமிர்ந்தார். வானத்தில் பச்சையாக ஒன்று கொட்டியது. அவர் வாய் லேசாகத் திறந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

"இன்னொரு தடவை அடிச்சே, வீட்டுக்குப் போய் இருக்கு உனக்கு," என்றாள் அம்மா.

அடுத்த நிறுத்தத்துக்கு முன் மறுபடியும் பெல். சத்தியமாக நான் இல்லை. சீன ஆன்ட்டி எழுந்து, பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, கதவு வரை ஆடி அசைந்து போய் வெளியே எட்டிப் பார்த்தார். "சாரி அங்கிள், ராங் ஸ்டாப் லா," என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்கடுத்த நிறுத்தத்தில் பின்சீட்டு மலாய்க்காரர் அதேபோல் எழுந்தார், அதேபோல் உட்கார்ந்தார். பிறகு ஒரு கல்லூரி அக்கா. ஒரு நிமிடம் தாமதமானாலும் பொறுக்காத அப்பா, யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வெடிகள் மொத்தமாகச் சிதறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா சிரித்தார். சீருடையில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனாலும் அந்த மனிதர்களை நினைத்தால் கவலையாக இருந்தது. அம்மாவின் காதில் மெதுவாகச் சொன்னேன்:

"பாவம்மா இவங்க. ஒருத்தருக்கும் அவங்க வீடு எங்க இருக்குன்னே தெரியல."