புத்தகத்தில் வராத நாலாம் அத்தியாயம்

கண்ணுகளா, உங்க அம்மா எழுதின புத்தகம் அலமாரியில இருக்குது. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் அதை முழுசாப் படிப்பீங்க. அம்மாவோட ஆய்வேட்டுல நாலாம் அத்தியாயமா இருந்த முப்பது பக்கம் அதுல இருக்காது. அது எப்படி இல்லாமப் போச்சுன்னு நான்தான் சொல்லணும். நான் பத்தாவது படிச்சவன். எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் வேலைக்கு அது போதும். எழுத்து முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்குங்க.

அம்மா முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கிட்டது வேதாகமத்துல வர்ற ஒரு கட்டளை. அறுவடையில வயல் ஓரத்தை அறுக்காம விடணும், சிந்தின கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. இதை எபிரெய மூலத்தை வெச்சு ஆராய்ஞ்சு மூணு அத்தியாயம் எழுதினா. நாலாவது மட்டும் நம்ம நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம்.

பழம் பறிச்சு முடிஞ்சதும் செடிக்கடியில கொட்டை உதிர்ந்து கிடக்கும். அதுவும் எஸ்டேட்டுக்குத்தான் சொந்தம். ஆனா வேலியோரக் கடைசி வரிசையில உதிர்ந்ததை மட்டும் பெண்கள் பொறுக்கி மடியில கட்டி எடுத்துப் போவாங்க. வறுத்து இடிச்சு மழை மாசத்துக்கு வெச்சுக்குவாங்க. எந்தக் காகிதத்துலயும் இல்லாத வழக்கம். அந்த நேரத்துல ரைட்டர் அதைக் கண்டும் காணாம இருக்கணும். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

அம்மா அஞ்சு பெண்கள்கிட்ட உட்கார்ந்து இதைப் பத்திப் பேசி எழுதிக்கிட்டா. அதுல ஒரு அக்கா சொன்னது: "எங்களைப் பார்த்துட்டா ரைட்டரய்யா மரத்துல மிளகுக்கொடியை அண்ணாந்து பார்க்க ஆரம்பிச்சிருவாருங்க. நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் பார்ப்பாரு. கழுத்து சுளுக்காம இருந்தாச் சரி." அம்மா படிச்சுக் காட்டினப்ப நானும் சிரிச்சேன். ஆய்வேட்டுல மொத்தமே நாலஞ்சு பிரதி, கல்லூரி நூலகத்துல தூங்கப் போகுது, யார் பார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாப் போட ஒத்துக்கிச்சு. பதிப்பாசிரியர் அனுப்பின மெயிலை, ஆராதனை முடிஞ்சு வந்த ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா எனக்குத் தமிழ்ல சொன்னா. ஆய்வேடு தேர்வாளருக்கு எழுதினது, புத்தகம் வாசகருக்கு. இந்தக் கட்டளையைப் பத்தி இதுக்கு முன்னாடி யார் யார் என்ன சொன்னாங்கங்கற ரெண்டாம் அத்தியாயத்தைத் தூக்கிடுங்க, அடிக்குறிப்பைப் பாதியாக் குறைங்க, நாலாம் அத்தியாயத்தைப் பெரிசாக்குங்க, உயிர் அங்கேதான் இருக்குது. அச்சுல வர்றதால அந்த அஞ்சு பேர்கிட்டயும் சம்மதக் கையெழுத்து வேணும்.

அம்மா அப்ப கீழே சேலத்துல பாடம் நடத்திட்டு வாரக் கடைசியிலதான் மலையேறி வருவா. அஞ்சு படிவத்தை என்கிட்டக் கொடுத்தா. "ஏனுங்க, நீங்கதான் தினமும் அவங்களைப் பார்க்கறீங்க. படிச்சுக் காட்டுங்க. இஷ்டம்னா மட்டும் போடட்டும். ரைட்டர் கேக்கறாருன்னு பயந்துக்கிட்டுப் போடக் கூடாதுங்க."

நான் ஒருத்தர்கிட்டயும் காட்டலை. முதலாளி கையில அந்தப் புத்தகம் கிடைச்சா, அண்ணாந்து பார்க்கிற ரைட்டர் யாருன்னு கேட்க வேண்டியதே இல்லையே. நாம இருக்கிற ஊடு எஸ்டேட் கொடுத்தது, நீங்க படிச்சுக்கிட்டு இருந்தீங்க. முதலாளி கடைசி வரிசையையும் பொறுக்க விடாம மூடிட்டா அந்தப் பெண்கள் என்ன பண்ணுவாங்கன்னும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். நிசத்துல என் வேலைக்குத்தான் பயந்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அம்மா கேட்டா. "தயங்கறாங்க" அப்படின்னேன்.

"யாருங்க?"

"எல்லாருந்தான்."

"அப்ப வேண்டாங்க. அவங்களுக்கு மனசில்லைன்னா ஒரு வரி கூட வேண்டாம்" அப்படின்னா.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிச்சுக் கட்டினா. கடைசியில, எந்தச் சொல் எந்தப் பக்கத்துலன்னு காட்டற பொருளடைவு தயார் பண்ண நான் கூட இருந்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு துண்டுச் சீட்டு, அதுல பக்க எண்கள். காப்பிங்கற சொல்லுக்கு எதிரே நாலாம் அத்தியாயத்தைப் பார்த்து நான் முன்னமே குறிச்சு வெச்சிருந்த எண்களை அம்மா ஒவ்வொண்ணா அடிச்சா. பிறகு அந்தச் சொல்லையும் அடிச்சா. நான் அடுத்த சீட்டை எடுத்து நீட்டினேன்.

புத்தகம் வந்த சேதி தொழிலாளருங்க இருக்கிற லைன் வீடுகளுக்கும் போச்சு. மிளகுக்கொடி கதை சொன்ன அந்த அக்கா நம்ம ஊட்டுக்கே வந்துட்டாங்க. "அம்மிணி, எங்க பேச்சு எத்தனாவது பக்கத்துலீங்க? என் மக படிச்சுச் சொல்றேன்னா."

அம்மா என்னைப் பார்த்தா. அப்புறம் அவங்களைக் கேட்டா: "ரைட்டரு உங்ககிட்டக் காகிதம் எதுவும் கொண்டாந்தாருங்களா அக்கா?"

"என்ன காகிதமுங்க?"

அம்மா புத்தகத்தை மூடினா. "ஒண்ணுமில்லீங்க. எடம் பத்தலை, நான்தான் எடுத்துட்டேன்."

"அட, அஞ்சு பொம்பளைங்க பேச்சுக்கா எடமில்லாமப் போச்சு? இத்தாத்தண்டி புஸ்தகத்துல?" அந்த அக்கா புத்தகத்தைக் கையில தூக்கிப் பார்த்துச் சிரிச்சாங்க. டீயைக் குடிச்சுட்டுப் போனாங்க.

அவங்க போனதும் அம்மா சண்டை போடலை. "பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உங்களைப் பத்தின அந்த ஒரு வரியை மட்டும் எடுத்திருப்பனேங்க. மத்ததெல்லாம் அவங்களுது" அப்படின்னா. அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. நான் படிக்காதவன்கிறதால இல்லை, கேட்காததால.

முதலாளி இன்னி வரைக்கும் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. அந்த அக்கா இப்பவும் பஸ் ஸ்டாப்புல அம்மாவைக் கண்டா, "எங்களுக்கு எடமில்லாத புஸ்தகம் எழுதின அம்மிணி நொம்பப் பெரிய ஆளு"ன்னு கேலி பண்றாங்க. அம்மா சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கறா. நான் பக்கத்துலதான் நிக்கறேன். எடுத்தது நான்னு அவங்ககிட்ட இன்னும் சொன்னதில்லை.