கல்லணைக்குச் சைக்கிளில்: மாமாவின் கொழுப்பு ஏன் எரியவில்லை?

இந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. அம்மா அனுப்பினார். ஆடி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரிலிருந்து கல்லணை வரை சைக்கிளில். வீட்டில் சொன்ன காரணம், "மாமாவுக்குத் துணை". உண்மையான காரணம், மாமா வழியில் எங்கே எதைச் சாப்பிடுகிறார் என்று பார்த்து வந்து சொல்வது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை. என்ஜின் அறையின் குறுகலான ஏணிகளில் ஏறி இறங்க வேண்டும் என்பதால் உடல் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. போன முறை மருத்துவப் பரிசோதனையில் எடை அதிகம், குறைத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. அதிலும் தவறினால் அந்தக் கப்பலில் வேறு ஆள் ஏறிவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் தங்கி, ஒரு மாதமாகத் தினமும் விடியற்காலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். எடை குறையவில்லை. முக்கால் கிலோ கூடியிருந்தது. பரோட்டாக் கடைதான் காரணம் என்பது அம்மாவின் முடிவு.

என் சந்தேகம் வேறு. எனக்கு அவருடைய கைக்கடிகாரத்தின் மேல் நம்பிக்கையில்லை. சைக்கிள் மிதித்தால் அதில் ஒரு ஆரஞ்சு நிற இதயம் வந்து "கொழுப்பு எரியும் நிலை" என்று சொல்லும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஒரு பொருளுக்குத் தொடைத் தசையில் என்ன எரிகிறது என்று எப்படித் தெரியும்? பிளஸ் ஒன்னில் உயிரியல் படிக்கிறேன். பள்ளி நூலகத்தில் உடற்பயிற்சி பற்றிய ஒரு தடிப் புத்தகத்தையும் எடுத்துப் படித்திருந்தேன். கடிகாரம் அளப்பது நாடித் துடிப்பை மட்டும். மீதி எல்லாம் அதன் ஊகம்.

காலை 5.20க்குக் கிளம்பினோம். மாமாவின் சைக்கிளில் இரண்டு ஸ்டீல் பாட்டில்கள், என்னுடையதில் ஒன்று. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் தாண்டி 13 கிலோமீட்டரில் திருவையாறு. மேட்டூர்த் தண்ணீர் வந்து ஐந்திலும் ஓடியது. குறுவை நெல் நட்ட வயல்களில் பச்சை இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் நான் மாமாவின் வாயைப் பார்த்துக்கொண்டு போனேன்.

திருவையாற்றில் முதல் தடயம் கிடைத்தது. 6.20க்கு ஓர் இனிப்புக் கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு, அது முழுதாக ஏறும்வரை காத்திருந்தார். கால் கிலோ அசோகா அல்வா, நூறு ரூபாய். "அக்காவுக்கு" என்று சொல்லிப் பையில் வைத்தார். நான் பெட்டியில் சுற்றியிருந்த நூலின் முடிச்சை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து மேற்கே திருக்காட்டுப்பள்ளி வரை சுமார் 18 கிலோமீட்டர். ஆடிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. ஒரு ஊருக்குள் இரண்டு நாய்கள் துரத்தின. ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்தோம். மாமாவின் கடிகாரம் சிவப்பானது, அவருக்குப் பேச்சு வரவில்லை, எனக்குத் தொடை இரண்டும் எரிந்தன.

படித்ததைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தசைக்கு இரண்டு எரிபொருள். சர்க்கரை வைக்கோல் மாதிரி, சட்டென்று பற்றும், சீக்கிரம் தீரும். கொழுப்பு புளிய விறகு. நிறைய இருக்கிறது, நிதானமாக எரியும், ஆனால் அதே அளவு சக்தி எடுக்கச் சர்க்கரையைவிடக் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். மெதுவாக மிதிக்கும்போது ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜன் தசைக்குத் தாராளமாகப் போதும், விறகு எரியும். நாய் துரத்தினால் விறகு பற்றும்வரை காத்திருக்க முடியாது. தசை வைக்கோலை அள்ளிப் போட்டுக்கொள்ளும். இதை அறியக் கடிகாரம் தேவையில்லை. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் பெரும்பாலும் விறகு. ஒவ்வொரு சொல்லாக வந்தால் வைக்கோல்.

ஆகவே மாமாவிடம் அவர் போன துறைமுகங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். கொழும்பு, சிங்கப்பூர், டர்பன் என்று ஆரம்பித்து, டர்பனில் ஒருவர் இவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போன கதைவரை மூச்சு விடாமல் சொன்னார். விறகுதான் எரிகிறது. கடிகாரமும் அதையேதான் சொன்னது. அது சரியாகச் சொல்கிறது என்பதே எனக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது. எரிகிறது என்றால் ஏன் குறையவில்லை?

8.15க்குத் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு டீக்கடையில் நின்றோம். நான் நான்கு இட்லி சாப்பிட்டேன், நாற்பது ரூபாய். மாமா எதையும் தொடவில்லை. வடையின் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்கார அம்மா, "அண்ணே, டீயாவது சாப்பிடுங்க, பொண்ணு மட்டும் சாப்பிடுது பாருங்க" என்று இரண்டு முறை சொல்லியும் தலையாட்டிவிட்டார். என் பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்தபோது அவருடையதையும் கேட்டேன். "வேணாம் பாப்பா, எங்கிட்ட இருக்கு" என்று கையால் மூடிக்கொண்டார். அப்போது அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

கல்லணையை 10.05க்குத் தொட்டோம். கடிகாரக் கணக்கில் மொத்தம் 46 கிலோமீட்டர். மதகுகளிலிருந்து தண்ணீர் வெள்ளையாக நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. பாலத்தின் அருகே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வேவு பாக்கத்தானே உன்னை அக்கா அனுப்புச்சு?"

நான் என் பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"சொல்லு, என்ன கண்டுபிடிச்ச? கப்பல்ல ஏத்தலன்னாகூட பரவாயில்ல பாப்பா, வேற வேலை பாத்துக்கலாம். ஒரு மாசமா ராத்திரி சோறுகூட பாதிதான் சாப்பிடறேன். எங்க அக்காவே என்னைத் திருட்டுத்தீனி திங்கறவன் மாதிரி பாக்குது. அதைத்தான் தாங்க முடியல."

அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால் தரையைப் பார்த்தேன். அப்போதுதான் எறும்புகளைக் கண்டேன். மரத்தின் வேரிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, என் பாட்டிலைச் சுற்றிக்கொண்டு, மாமாவின் பாட்டில் மூடியில் ஏறிக்கொண்டிருந்தது.

"மாமா, இதுல என்ன?"

"கஞ்சி. சத்துமாவுக் கஞ்சி. நீர்க்கக் கரைச்சுத் தினம் அக்காதான் குடுக்கும்."

"சர்க்கரை போட்டதா?"

"சர்க்கரையை நான் தொட்டே ஒரு மாசம் ஆச்சு. இது நாட்டுச் சர்க்கரை."

இன்னொரு பாட்டில் ஏற்கெனவே காலியாகியிருந்தது. மூடியில் மிச்சமிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பொங்கலன்று பாத்திரம் வழித்த மாதிரி இனித்தது.

ஆக, என்னை வேவு பார்க்க அனுப்பியவர்தான் குற்றவாளி. சர்க்கரை எந்த நிறத்தில் இருந்தாலும் ரத்தத்துக்குள் போனதும் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் வந்தால் உடம்பு கொழுப்பை வெளியே விடுவதைக் குறைத்துவிட்டு, வந்த சர்க்கரையை முதலில் செலவழிக்கும். மாமாவின் தொடை விறகைத் தொடும் நேரத்தில் எல்லாம் அம்மா வைக்கோல் அனுப்பிக்கொண்டிருந்தார். எரிந்த கொஞ்சத்தையும் இரண்டு பாட்டில் கஞ்சி திருப்பி நிரப்பிவிட்டது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று கடிகாரத்துக்குத் தெரியாது. அதற்கு நாடி தெரியும், அவ்வளவுதான்.

திரும்புவதற்குக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசினோம், இரண்டு சைக்கிளோடு தொள்ளாயிரம் ரூபாய். எதற்கு வந்தோம் என்று ஓட்டுநர் விசாரித்தார். சொன்னதும், "வர்றப்ப சைக்கிள், போறப்ப என் வண்டி. கொழுப்பு யாருக்குண்ணே குறையும், வண்டிக்கா?" என்றார். மாமா அன்று முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

வீட்டில் முதலில் அசோகா பெட்டியை வைத்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. அடுத்து காலிப் பாட்டில்களை வைத்தேன். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நாட்டுச் சர்க்கரை உடம்புக்கு நல்லது என்றார், இத்தனை தூரம் மிதிக்கிறவனை வெறும் வயிற்றில் அனுப்பினால் கண் இருட்டாதா என்றார். எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கையைக் குவித்துக் காட்டினார். அந்தக் கைக் குழியைத் தானே பார்த்ததும் கையை மெல்ல இறக்கினார். பிறகு மாமாவிடம், "பரோட்டாக் கடைக்குப் போகலைன்னு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கலாம்லடா" என்றார்.

"நீ கேக்கவே இல்லியேக்கா."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் மாமாவுக்கு மட்டும் கொத்தவரங்காய்ப் பொரியல் இரண்டு மடங்கு விழுந்தது.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நாங்கள் செய்த தவறைச் செய்யாதீர்கள். ஆடியில் கல்லணையை நோக்கி மிதித்தால் காற்று எதிரே நிற்கும். சைக்கிளை வண்டியில் ஏற்றிக் கல்லணைக்குப் போய், அங்கிருந்து காற்றையும் ஆற்றையும் கூடவே வைத்துக்கொண்டு கிழக்கே இறங்குங்கள். திருக்காட்டுப்பள்ளிக்கும் திருவையாற்றுக்கும் நடுவே நாய்கள் உண்டு. எடை குறைக்கப் போகிறவர்கள் பேச்சு நிற்காத வேகத்தில் போனால் நெடுநேரம் மிதிக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற தூரத்துக்குத் தண்ணீர் போதும். இதுபோன்ற நீண்ட தூரத்துக்கு வழியில் சாப்பிடத்தான் வேண்டும், அந்த வகையில் அம்மா பயந்தது நியாயம். இட்லி போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், மணி பார்க்க உதவும். பாட்டிலை மட்டும் நீங்களே நிரப்புங்கள்.

அதற்குப் பிறகு மாமாவின் பாட்டிலை நான்தான் நிரப்பினேன். எடை மெதுவாக இறங்கியது. பரிசோதனைக்காக அவர் சென்னைக்குக் கிளம்பிய அன்று, அம்மா பையைக் கட்டி முடித்த பிறகு நான் ஒருமுறை திறந்து பார்த்தேன். இப்போதெல்லாம் எனக்கு யார்மேலும் நம்பிக்கையில்லை. வேட்டிகளுக்கு நடுவே ஒரு டப்பா இருந்தது. எடுத்துவிட்டுப் பையை மூடினேன்.

மறுநாள் மத்தியானம் மாமா பேசினார். வரம்புக்குள் வந்துவிட்டதாம், அரைக் கிலோ மிச்சமும் இருக்கிறதாம், அடுத்த வாரம் கப்பல். அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, பையில பொருள்விளங்காய் உருண்டை வெச்சிருக்கேன்னு அக்கா சொல்லுச்சு. ரயில்ல பூரா தேடினேன். எங்க போச்சு?"

டப்பா அப்போது என் மடியில் இருந்தது. வாயில் வெல்ல உருண்டை இருந்ததால் என்னால் முழு வாக்கியம் பேச முடியவில்லை.