பாஸ்வேர்டு கேட்கப் போன நாள்

மலேசியாவில், குருண் என்ற ஊரில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில், உதிரிப்பாக ஸ்டோர் முழுவதும் ஒரே ஒரு புரோகிராமை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் அங்கே ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர்; நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். தானே புத்தகம் வாங்கிப் படித்து எழுதினார். எந்த பேரிங் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அதில்தான் இருந்தது. அது அடிக்கடி நின்றுபோகும். அவர் வந்து இரண்டு வரி தட்டுவார், ஓடும். பக்கத்து மேசையில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தும் அந்த இரண்டு வரி என்னவென்று நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடோங் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தகனம் முடிந்த மூன்றாம் நாள் புரோகிராம் நின்றது. திரை பாஸ்வேர்டு கேட்டது. ஒரு மெஷினில் பேரிங் உடைந்து வேலை நின்றுகிடந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ போய் அவரு வீட்ல கேட்டுப் பாரும்மா. ஒன்னையத்தான் அவுங்களுக்குத் தெரியும்."

எனக்கு அழுகையும் வரவில்லை, கூச்சமும் வரவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வந்த காரணத்தைச் சொன்னேன். "வேலையப் பத்தி வீட்ல பேசவே மாட்டாரு லா" என்றபடி ஒரு டைரியை எடுத்து வந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினோம். மோட்டாருக்கு எண்ணெய் மாற்றிய தேதி. மகளின் டியூஷன் நேரம். ஒரு பக்கத்தில், 'அலோர் ஸ்டார், ஹார்ட் டாக்டர், எட்டரை' என்று இருந்தது. சில பக்கம் தள்ளி மறுபடியும் அதே வரி. அப்புறம் இன்னொரு தடவை.

அக்கா விரலை அந்த வரியில் வைத்தார்.

"இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகணும் என்று அண்ணன் லீவு எடுத்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன. சொல்லவில்லை. அக்கா டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பாஸ்வேர்டு எங்கேயும் இல்லை.

தட்டுத் தட்டாகக் கையால் எண்ணினோம். ஐந்து நாள் ஆனது. பிறகு கம்பெனி, கடையில் விற்கிற ரெடிமேட் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கியது. சொல்லிக்கொடுக்க வந்தவரிடம், எங்கள் ஸ்டோர் வழக்கப்படி அதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"மாத்த வேணாங்கக்கா. நாங்க நெறைய கம்பெனிக்கு இதையேதான் போட்டிருக்கோம். நீங்க மாறிக்கிட்டா ஈஸி."

மாறிக்கொண்டோம். தட்டுகளில் அண்ணன் எழுதி வைத்த பெயர்களையெல்லாம் அழித்து, புதியதில் எண்களாகத் தட்டினேன். இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்டு. மறந்துபோனால் ஒரு போன், பத்து நிமிஷத்தில் புதியது வரும். புதிதாகச் சேர்ந்த பெண் கையேட்டைப் பார்த்தே இரண்டு நாளில் கற்றுக்கொண்டாள். பேரிங் தீர்ந்துபோகும் முன்பே திரை சொல்லிவிடுகிறது. நல்ல சாமான்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். வேலையிடத்திலிருந்து ஒருவரும் போன் பண்ணவில்லை.

"பரவால்லயே, ஒன்னையத் தொந்தரவு பண்ணாம வுட்டுட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா" என்றேன். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

போன மாதம் பீடோங் மார்க்கெட்டில் அண்ணனின் மனைவி அக்காவைப் பார்த்தேன். கீரைக் கட்டைப் பையில் போட்டபடி கேட்டார்.

"அவரு செஞ்சது இன்னும் ஓடுதா?"

"இல்லக்கா. வேற வாங்கிட்டாங்க."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் பக்கம் நடந்தார். நான் தக்காளி பொறுக்கினேன்.